செட்எக்ஸ் செய்த வேலை

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷமாச்சு. பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டால், பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். (உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான்.)

போன வாரம் ஒரு ராத்திரி பதினோரு மணி. மறுநாள் காலையில் அவள் புராஜெக்ட் காட்ட வேண்டும். "அப்பா, என்பிஎம் இன்ஸ்டால்னு அடிச்சா, அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது" என்று வந்து நின்றாள். நோட் ஜேஎஸ்ஸை ஜிப் கோப்பாக இறக்கி, டி டிரைவில் பிரித்து வைத்திருந்தாள். சிக்கல் அங்கேதான்.

"பாத்" என்பது ஒரு முகவரிப் பட்டியல். 1979-ல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு. நாம் ஒரு கட்டளையை அடித்தால், அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடும். எதிலும் இல்லையென்றால் கையை விரித்துவிடும். இன்ஸ்டாலர் வழியாகப் போட்டால் அதுவே தன் முகவரியை அங்கே எழுதிக்கொள்ளும். ஜிப் எழுதாது. வீடு மாறியும் வங்கியில் முகவரி மாற்றாத வாடிக்கையாளர் மாதிரி. ஆள் ஊரில்தான் இருக்கிறார், தபால் திரும்பி வந்துவிடுகிறது.

இதோடு போயிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே, ஒரு சீனியர் வாட்ஸப்பில் அனுப்பிய செட்எக்ஸ் வரியை அப்படியே ஒட்டியிருக்கிறாள். செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். அதோடு, கணினிக்கான பட்டியலையும் அவளுக்கான பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து அவள் கணக்கில் எழுதிவிட்டது. கடைசியில் இருந்தவை காணோம். புதிதாகச் சேர்த்த நோட் காணோம், அதுவரை ஒழுங்காக ஓடிய பைத்தானும் காணோம். வெட்டுகிறேன் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அடுத்த வரியில் "சக்சஸ்" என்றும் வந்திருக்கிறது. பிள்ளை சக்சஸை மட்டும் படித்திருக்கிறாள்!

காப்பாற்றியது எது தெரியுமா? அவள் செட்எக்ஸ் அடித்த அந்தக் கறுப்பு ஜன்னலை மூடவில்லை. திறந்திருக்கும் ஜன்னலுக்குப் புது மாற்றம் எதுவும் தெரியாது. சரிசெய்த பிறகும் பிழை வருகிறதே என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான் (விஎஸ் கோடுக்குள் அடிப்பவர்கள் விஎஸ் கோடையே மூடித் திறக்க வேண்டும்). அன்றைக்கு அதுவே உதவியது. அதில் "எக்கோ %பாத்%" அடித்ததும் பழைய பட்டியல் முழுசாக வந்தது. நோட்பேடில் ஒட்டிக்கொண்டோம். பிறகு ஸ்டார்ட்டில் "என்விரான்மென்ட்" என்று தேடி, வேரியபிள்ஸ் ஜன்னலில் அவள் கணக்கின் பாத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாகச் சேர்த்தோம். புது ஜன்னல். என்பிஎம் ஓடியது.

எனக்குக் கோபம் சீனியர் மேல் இல்லை. ரியாக்ட் வரை சொல்லித்தருகிற வகுப்பில் இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு அரை மணி நேரம் பேசக்கூடாதா? வவுச்சரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கு மெமோ வரும். இங்கே அர்த்தம் தெரியாத வரியை ஒட்டுவதையே பாடமாக வைத்திருக்கிறார்கள். இன்னொரு கூட்டம், எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் பண்ணிடு" என்கிறது.

மணி ஒன்று. பெருமையோடு அடுக்களைக்குப் போய் காபிப்பொடியைத் தேடினேன். தூக்கத்திலிருந்து தங்கமணி குரல்: "கம்ப்யூட்டர்ல எது எங்கே இருக்குன்னு தெரியுது. இருபது வருஷமா காபிப்பொடி டப்பா மட்டும் தெரியலையாக்கும்?"