ஸ்டிரைக் அடிச்சா யாருக்கு நஷ்டம்? ஃபெப்சி முதல் ஹாலிவுட் வரை... மந்த காலத்தில் சினிமா சங்கங்கள் உடைவது ஏன்?

2025 மே 14. தமிழ் சினிமாவில் அன்று ஒரு நாள் வேலைநிறுத்தம். அறிவித்தது ஃபெப்சி, அதாவது தென்னிந்திய திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம். 24 சங்கங்கள், சுமார் 25 ஆயிரம் உறுப்பினர்கள். லைட்மேன், மேக்கப், காஸ்டியூம், டான்ஸ், ஸ்டன்ட், டிரைவர், யூனிட்டுக்குச் சோறு போடுகிற புரொடக்‌ஷன் ஆட்கள் வரை எல்லோரும் இதற்குள் வருவார்கள். இவர்கள் கை வைக்காமல் ஒரு ஷாட்கூட நகராது.

இவ்வளவு பெரிய கூட்டம், ஒரே நாளோடு நிறுத்திக்கொண்டது. பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். 'ஒரு நாள் எல்லாம் ஒரு ஸ்டிரைக்கா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் தொழில் படுத்துக்கிடக்கிற நேரத்தில் வேலையை நிறுத்துவது எப்படிப்பட்ட கத்தி, அது யார் பக்கம் வெட்டும் என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கே வேறு முகம் வந்துவிடும்.

சண்டை எதுக்கு?

சுருக்கமா சொல்லிடலாம். தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்கும் ஃபெப்சிக்கும் சம்பளம், வேலை விதிகள், 'எங்க ஆட்களைத்தான் வேலைக்கு எடுக்கணும்' என்கிற உரிமை ஆகியவற்றில் பல வருஷமாகவே உரசல். 2025 தொடக்கத்தில் அது முற்றி, ஃபெப்சிக்குப் போட்டியாகத் தொழிலாளர்களுக்கு இன்னொரு கூட்டமைப்பை உருவாக்கும் வேலையில் தயாரிப்பாளர்கள் சங்கம் இறங்கியது. அதற்கு எதிர்ப்பாகத்தான் மே 14.

முதலாளி தரப்பும் ஒரே குடையின் கீழ் இல்லை என்பதையும் சொல்லணும். 2020-ல் பாரதிராஜா தலைமையில் நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் தனியாக உருவானது நினைவிருக்கலாம். ஆக, இரண்டு பக்கமும் விரிசல். ஆனால் விரிசல் விட்ட முதலாளிகளும் விரிசல் விட்ட தொழிலாளர்களும் ஒரே அளவுக்கு நஷ்டப்படுவதில்லை.

மேனேஜ்மென்ட்டே 'நிறுத்துறோம்'னு சொன்னா?

மே 14-க்குப் பத்து மாதம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலை கடைசியில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு முடிவை அறிவித்தது. ஆகஸ்ட் 16 முதல் புதுப் படங்கள் தொடங்கப்படாது. நவம்பர் 1 முதல் எல்லாப் படப்பிடிப்பும் நிறுத்தம். பெரிய நடிகர்களின் படங்கள் தியேட்டரில் வெளியாகி 8 வாரம் கழித்துத்தான் ஓடிடிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். நடிகர் சம்பளம் ஏறிவிட்டது, செலவு தாங்கவில்லை என்பது அவர்கள் வாதம். கொரோனா நேரத்தில் கேட்ட விலைக்குப் படம் வாங்கிய ஓடிடி நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்ட காலமும் அதுதான். நடிகர் சங்கம் எதிர்ப்பு தெரிவித்தது, பேச்சுவார்த்தை நடந்தது, நவம்பர் 1 வந்தும் படப்பிடிப்புகள் நிற்கவில்லை.

ஆனால் அந்த அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிட்டது. படம் எடுக்காமல் இருப்பதே சில தயாரிப்பாளர்களுக்கு லாபமாகப் படுகிற காலம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் தொழிலாளி 'வேலைக்கு வர மாட்டேன்' என்றால், எதிரே இருப்பவர் பதறுவாரா, நிம்மதியாக மூச்சு விடுவாரா?

ஆரணிக்காரர்களுக்கு இது புதுசில்லை

இந்த இடத்தில் திருவண்ணாமலை மாவட்டம் ஆரணிப் பக்கம் ஒரு எட்டு போய் வரலாம். சினிமா ஸ்டிரைக் கணக்கை நேராகப் புரிய வைக்க பட்டுத் தறியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டு நெசவு. பெரும்பாலும் முதலாளி பாவு, ஊடை, ஜரிகை கொடுப்பார். வீட்டில் உள்ள தறியில் குடும்பமே சேர்ந்து நெய்யும். கூலி, சேலைக்கு இவ்வளவு என்று. நெய்தால் காசு, தறி நின்றால் இல்லை.

இப்போது இரண்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கும் முகூர்த்த சீசனுக்கும் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. கடைக்காரர் போன் மேல் போன் போடுகிறார். அப்போது நெசவாளர்கள் 'கூலியை ஏத்துங்க' என்று தறியை நிறுத்தினால், முதலாளி அன்று சாயங்காலமே பேச வருவார். இதையே விற்காத சேலை பீரோ நிறைய தேங்கிக் கிடக்கும்போது செய்தால்? அவருக்குக் கூலி மிச்சம். பாவு கொடுக்காமல் இருக்க அவர் தேடிக்கொண்டிருந்த காரணத்தை நாமே கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தறி வீடுகளுக்குள்ளும் எல்லோரும் ஒன்றில்லை. சொந்தமாக நூல் வாங்கி நெய்து விற்பவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவர் ஒருவர், முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டுக் கூலிக்கு நெய்பவர் இன்னொருவர். மூன்று பேரும் நெசவாளர்தான். ஆனால் 'பத்து நாள் தறியை நிறுத்துவோமா?' என்று கேட்டால் மூன்று பதில் வரும். முன்பணம் வாங்கியவர் வாயே திறக்க மாட்டார்.

துணித் தொழிலில் இதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் 2.5 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகளில் அப்போது சரக்கு தேங்கியிருந்தது, விசைத்தறியின் போட்டியும் கழுத்தை நெரித்தது. ஆலை முதலாளிகள் அவசரப்படவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்த அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. பல ஆலைகள் திறக்கவுமில்லை.

ஒரே சங்கம், இரண்டு வயிறு

சினிமாவுக்கு வருவோம். ஃபெப்சி என்பது ஒரே பெயர்தான். உள்ளே இருக்கும் வருமானம் ஒன்றல்ல. ஒளிப்பதிவாளருக்கும் எடிட்டருக்கும் பொதுவாகப் படத்துக்கு இவ்வளவு என்று பேசிய சம்பளம். படப்பிடிப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனால், அந்தப் பணமும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். லைட்மேனுக்கு அப்படி இல்லை. நின்ற நாள் போன நாள். அந்த நாளின் கூலியும் பேட்டாவும் திரும்பி வராது. நடன உதவியாளர்களும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகளும் இந்தப் பக்கம்தான். கிரேன் ஆபரேட்டரும் அப்படியே.

இவர்கள் கையில் எத்தனை நாள் இருப்பு இருக்கும்? இதற்கு 2020 மார்ச் பதில் சொன்னது. கொரோனாவால் அந்த மாதம் 19-ம் தேதி படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டன. ஒரு வாரம்கூட ஆகவில்லை, உறுப்பினர்களுக்கு அரிசி வாங்க உதவுங்கள் என்று ஃபெப்சி தலைவர் ஆர்.கே.செல்வமணி நடிகர்களிடம் வேண்டுகோள் வைத்தார். ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார். விஜய் சேதுபதி, சூர்யா குடும்பம் என்று பலரும் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் அரிசிக்குக் கை நீட்ட வேண்டிய நிலையில் உள்ளவர்களை வைத்துக்கொண்டு ஒரு மாத வேலைநிறுத்தத்தை எந்தத் தலைவர் அறிவிக்க முடியும்? அப்படியே அறிவித்தாலும், உதவி கேட்ட அதே நடிகர்களின் படங்களைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

2018 நினைவிருக்கா? டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணத்தை எதிர்த்து மார்ச் 1 முதல் புதுத் தமிழ்ப் படம் எதுவும் வெளிவரவில்லை. மார்ச் 16 முதல் படப்பிடிப்பும் நின்றது. ஆரணி மாதிரி ஊர்களிலும் தியேட்டருக்குப் புதுத் தமிழ்ப் படம் இல்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில்தான் முடிந்தது. அதை நடத்தியது தயாரிப்பாளர்கள் சங்கம், சண்டை கியூப், யுஎஃப்ஓ போன்ற நிறுவனங்களோடு. தொழிலாளி அதில் ஒரு தரப்பே இல்லை. ஆனாலும் அந்த ஒரு மாதக் கூலி போனது அவருக்குத்தான்.

ஹாலிவுட்டிலேயே உடைஞ்சது

'நம்ம ஊர் சங்கங்கள்தான் இப்படி' என்று நினைக்க வேண்டாம். 2008-ல் அமெரிக்காவின் நடிகர் சங்கத்தில் நடந்தது இதைவிடப் பெரிய ரகளை.

அந்த வருஷம் ஜூன் 30-ம் தேதி ஸ்டுடியோக்களுடனான ஒப்பந்தம் முடிந்தது. எழுத்தாளர்களின் 100 நாள் ஸ்டிரைக் பிப்ரவரியில்தான் ஓய்ந்திருந்தது. ஊரே களைத்துப் போயிருந்தது. டிவி, வானொலிக் கலைஞர்களின் இன்னொரு சங்கம் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால், உலகப் பொருளாதாரமே சரிவு. அதற்குப் பிறகும் நடிகர் சங்கத் தலைமை, ஸ்டிரைக்குக் கிளம்ப உறுப்பினர்களிடம் ஓட்டு கேட்கப் போவதாக அறிவித்தது. விதிப்படி 75 சதவீதம் ஆதரவு வேண்டும்.

டிசம்பரில் ஜார்ஜ் குளூனி, டாம் ஹாங்ஸ், மேட் டேமன் உள்ளிட்ட 130-க்கும் மேற்பட்டோர் 'இந்த நேரத்தில் வேண்டாம்' என்று கடிதம் எழுதினார்கள். மார்ட்டின் ஷீன், மெல் கிப்சன் போன்றவர்கள் எதிர்ப்பக்கம். நியூயார்க் கிளையே ஓட்டெடுப்பைக் கைவிடச் சொன்னது. ஓட்டெடுப்பு தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் நடக்கவே இல்லை. 2009 ஜனவரியில் பேச்சுவார்த்தையை நடத்திய டக் ஆலனைச் சங்கத்தின் வாரியமே பதவியிலிருந்து இறக்கியது. ஜூனில் ஒப்பந்தம் 78 சதவீத ஓட்டில் நிறைவேறியது. ஒரு வருஷம் சண்டை போட்டு, ஒரு நாள்கூட ஸ்டிரைக் நடக்கவில்லை!

இங்கே வேடிக்கை என்னவென்றால், 'வேண்டாம்' என்று சொன்னவர்களில் கோடீஸ்வரர்கள் நிறைய. ஏழை நடிகருக்காகத்தான் சொல்கிறோம் என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வருஷத்தில் சில நாள் மட்டும் நடித்து, மீதி நாள் ஹோட்டலில் பரிமாறும் ஒருவருக்கு ஸ்டிரைக்கால் போகும் காசு கொஞ்சம்; பெரிய படத்தில் கமிட் ஆன ஸ்டாருக்குத்தான் இழப்பு அதிகம். 'ஏழைக்காக' என்ற வாதத்தை அப்படியே விழுங்க எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

அந்த இரண்டு சங்கங்களும் 2012-ல் ஒன்றாகின. 2023-ல் அதே சங்கம் ஸ்டிரைக்குக் கேட்ட ஓட்டில் ஆதரவு கிட்டத்தட்ட 98 சதவீதம். ஜூலை 14-ல் தொடங்கி 118 நாள் நின்றார்கள். தனியாகக் கையெழுத்துப் போட்டு நழுவ இன்னொரு சங்கம் இந்த முறை இல்லை. எழுத்தாளர்களும் மே மாதத்திலிருந்தே தெருவில் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் 18 நாள்

தெலுங்கு சினிமா இன்னும் கிட்டத்து உதாரணம். 2025 ஆகஸ்ட் 4-ல் 30 சதவீதச் சம்பள உயர்வு கேட்டு அங்குள்ள தொழிலாளர் சம்மேளனம் வேலையை நிறுத்தியது. பெரிய பட்ஜெட் படங்கள் பாதியில் நின்றன. செட் வாடகை ஓடுகிறது, ஹீரோ கால்ஷீட் கரைகிறது. ஆர்டர் குவிந்த நேரத்தில் தறியை நிறுத்திய கதைதான்.

தயாரிப்பாளர்கள் நடுவில் ஒரு காய் நகர்த்தினார்கள். நாள் சம்பளம் 2,000 ரூபாய்க்குக் கீழே வாங்குபவர்களுக்கு ஒரு சதவீதம், அதற்கு மேல் வாங்குபவர்களுக்குக் குறைந்த சதவீதம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கங்களைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று சம்மேளனம் முதலில் மறுத்தது. கடைசியில் தெலங்கானா தொழிலாளர் துறை தலையிட்டு, மூன்று வருஷத்தில் படிப்படியாக 22.5 சதவீதம் என்று ஆகஸ்ட் 21-ல் முடிந்தது. அதிகமாகச் சம்பாதிப்பவர்களுக்கு உயர்வு அதைவிடக் குறைவு. ஆக, பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்த்த வேறுபாடு உடன்பாட்டிலும் ஓரளவு தங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் கடைநிலைத் தொழிலாளிக்கு அது மோசமான முடிவு இல்லை. எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்றால், 1,000 ரூபாய் வாங்குபவருக்கு 200 ஏறும்போது 5,000 வாங்குபவருக்கு 1,000 ஏறும். ஒற்றுமை என்ற பெயரில் இந்தக் கணக்கு பேசப்படாமலே போய்விடுகிறது.

கார்டு இல்லாதவர் வாசலில் நிற்கிறார்

இன்னொரு விரிசல் உண்டு, அது சங்கத்துக்கு வெளியே. 2017-ல் தயாரிப்பாளர்கள் சங்கம் 'யாரை வேண்டுமானாலும் வேலைக்கு வைத்துக்கொள்வோம்' என்று அறிவித்தபோது ஆகஸ்ட் 1 முதல் ஃபெப்சி வேலைநிறுத்தம் செய்தது. ரஜினியின் 'காலா' உட்படப் பல படப்பிடிப்புகள் பாதிக்கப்பட்டன. வேலைநிறுத்தம் என்பதே தனக்குப் பிடிக்காத சொல் என்று ரஜினி அறிக்கை விட்டதும் அப்போதுதான். சில நாளில் வாபஸ்.

சங்க கார்டு வாங்கும் கட்டணம் அதிகம் என்பது தயாரிப்பாளர்களின் பழைய புகார். சங்கம் அதற்கு என்ன பதில் சொன்னாலும், கார்டு இல்லாமல் வேலை தேடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. நாலு கம்பெனி படம் எடுக்கிற காலத்தில் இவர்களால் யாருக்கும் பயமில்லை. வேலை சுருங்கும்போதுதான் வாசலில் நிற்கிறவர் ஆபத்தாகத் தெரிவார், குறைந்த கூலிக்கு வருகிறேன் என்பார். போட்டிக் கூட்டமைப்பு என்ற யோசனை 2025-ல் இவ்வளவு சூடாக வேலை செய்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். விசைத்தறியில் பட்டுச் சேலை மாதிரியே ஒன்றை ஓட்டிக் கைத்தறி விலையைக் கீழே இழுக்கிற விஷயத்தை ஆரணியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. கைத்தறிக்காரருக்குச் சட்டத்திலாவது ஒரு வேலி இருக்கிறது. ஃபெப்சி கார்டுக்கு அதுவும் கிடையாது, தயாரிப்பாளர்களுடனான ஒப்பந்தம்தான் வேலி.

அடுத்து என்ன கவனிக்கணும்?

மத்தியஸ்தம் மூலம் புது ஒப்பந்தம் வந்தால், அதில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். தினக்கூலிக்காரருக்குத் தனி உயர்வு இருக்கிறதா, கார்டு இல்லாதவர் உள்ளே வர வழி இருக்கிறதா, படப்பிடிப்பு நிற்கும் நாட்களுக்கு ஏதாவது நிதி ஒதுக்குகிறார்களா என்று பாருங்கள். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். அது இல்லாதவரை, மார்க்கெட் டல்லாக இருக்கும் ஒவ்வொரு முறையும் ஃபெப்சியால் அதிகபட்சம் ஒரு நாள், இரண்டு நாள் நிறுத்தத்தான் முடியும். அது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.