இரு பக்கமும் நிற்கும் பங்கு



பள்ளிக் கணிதத்தில் நம் பிள்ளைகளை மலைக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. சமன்பாட்டில் பின்னம் வந்துவிடும். தெரியாத எண்ணோ சமக்குறியின் இரு பக்கமும் நிற்கும். ‘இதனால் வாழ்க்கையில் என்ன பயன்?’ என்று பிள்ளை கேட்டால், விடை கூற இயலாமல் பெரியவர்களும் விழிக்கின்றனர். விடை இருக்கிறது. இக்கணக்கு வாரிசுப் பங்கீட்டோடு சேர்ந்து வளர்ந்த கணக்காகும்.

கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813–833) பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி. அவர் இயற்றிய நூலின் பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லே பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதல் என்பது அதன் பொருள். உடன் வரும் ‘முகாபலா’ என்பது எதிரெதிரே வைத்து ஈடுசெய்தல். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குகளுக்காகவே இந்நூலை எழுதியதாக அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். வஸிய்யத் கணக்குகளுக்கென்றே நூலில் பெரியதொரு பகுதி உண்டு. அதிலுள்ள ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஒருவர் இரு புதல்வர்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். புதல்வர்களுள் ஒருவன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். சொத்தில் மூன்றிலொரு பங்கை வாரிசல்லாத ஒருவருக்கு அவர் வஸிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

கடன்பட்ட மகனிடமிருந்து இப்போது ரொக்கம் வராது. அவனுக்குரிய பங்கின் அளவே கடனிலிருந்து எடுக்கப்பட்டுச் சொத்தோடு சேரும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. தெரியாததை அல் குவாரிஸ்மி ‘ஷைஃ’, அதாவது ‘பொருள்’ என்றார். நாம் ‘ப’ என்போம். பங்கிட வேண்டிய சொத்து 10 + ப. மூன்றிலொன்று வஸிய்யத்துக்குப் போக, மீதியை இருவர் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்றிலொன்றே வரும். ஆகவே,

ப = 10/3 + ப/3

பங்கைக் கண்டறிய அந்தப் பங்கே தேவைப்படுகிறது. அதனால்தான் ‘ப’ இரு பக்கமும் நிற்கிறது.

முதலில் பின்னத்தை நீக்க வேண்டும். பின்னத்தின் பகுதி 3. ஆகவே இரு பக்கத்து உறுப்புகள் அனைத்தையும் 3 ஆல் பெருக்குக: 3ப = 10 + ப. அடுத்து இரு பக்கத்திலிருந்தும் ஒரு ‘ப’வைக் கழிக்க: 2ப = 10. ஆகவே ப = 5. சரிபார்ப்போம். சொத்து 15, மூவருக்கும் ஐந்தைந்து. ரொக்கம் பத்தும் வஸிய்யத் பெற்றவருக்கும் மற்ற மகனுக்கும் சரிபாதியாகச் செல்லும். கடன்பட்டவனின் 5 அவன் கடனிலேயே கழியும்.

பிள்ளைகள் இடறும் இடம் இதுதான்: பின்னமுள்ள பக்கத்தை மட்டும் பெருக்கி, மறுபக்கத்தை மறந்துவிடுவர். அப்போது ப = 10 + ப என்று வரும். அதாவது, பத்தும் பூஜ்யமும் ஒன்று என்றாகிவிடும்!

பக்தாதின் திர்ஹத்தை விட்டு நம் தாமிரபரணிப் பாசன வயலுக்கு வருவோம். ஒருவர் 24 சென்ட் நஞ்சையை விட்டு இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை. வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகிய மூவர் மட்டுமே. மனைவிக்கு எட்டிலொன்று, நம் பெரியவர்கள் சொல்லும் அரைக்கால். எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகளின் பங்கு ‘ப’ எனில்,

ப = 24 − 24/8 − 2ப

24/8 என்பது 3. இரு பக்கமும் 2ப கூட்டினால் 3ப = 21; ப = 7. மனைவிக்கு 3, மகளுக்கு 7, மகனுக்கு 14. கூட்டினால் 24.

பல பின்னங்கள் சேர்ந்து வருமிடத்தில் அவற்றுக்குப் பொதுவான எண்ணை முதலில் காண வேண்டும். மத்ரஸாவில் ஃபராயிள் பாடத்தில் அதனை ‘அஸ்லுல் மஸ்அலா’ என்கிறோம். பள்ளியில் அதற்கு மீச்சிறு பொது மடங்கு துணை செய்கிறது.

1937 ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949 இல் வந்த திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. எனவே நஞ்சையிலும் மகளின் பங்கு சட்டப்படியும் உறுதியானதே. ஆயினும், ‘நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று’ என்று கூறி மகளை விட்டுவிடும் இல்லங்கள் இன்றும் உண்டு. சீர் கொடுத்தது பெற்றோரின் அன்பு. பங்கு கொடுப்பது கடமை. ஒன்றை மற்றொன்றில் கழிக்க இயலாது. மகளை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, ஓர் உறுப்பை விட்டுவிட்டுப் போட்ட சமன்பாடே.

இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 32 சென்ட் நஞ்சை, மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். ஒரு மகளின் பங்கை ‘ப’ எனக் கொண்டு சமன்பாடு எழுதித் தீர்க்கச் சொல்லுங்கள். நால்வரின் பங்கையும் கூட்டினால் 32 வருகிறதா என்று தாய்மார்களே உடனிருந்து சரிபாருங்கள்.