ஏன் என்று கேட்பது குற்றமா?

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே, தமிழக-கேரள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் நிற்கின்றது. ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, இரு மாநிலக் காவலர்தம் கண்காணிப்பில் மக்கள் மலையேறி அத்தாயை வணங்கி மீள்கின்றனர். அவள் யார்? ஆராயாது பிறந்த ஓர் ஆணைக்குக் கணவனைப் பலிகொடுத்து, அரண்மனை வாயிலில் நின்று அரசைக் கேள்வி கேட்டவள்! வாயிற்காவலனிடம் அவள் பேசியது பணிவுரையன்று. அவன் அரசனை முறை தவறியவன் என்றே அவனிடம் சொன்னாள். வாயிலோன் அவளைப் பிடித்து அடைத்தானில்லை. ‘அரசுப் பணியைத் தடுத்தாள்’ என்று ஓலை எழுதினானுமில்லை. உள்ளே சென்று உள்ளதை உரைத்தான். பாண்டியன் அவளை அழைத்தான், கேட்டான், தன் பிழை தெளிந்த நொடியே உயிர் துறந்தான். எதிர்த்துப் பேசிய குடிமகளைத் தெய்வமாக்கிய இனம் தமிழினம்.

அம்மலையின் அடிவாரத்தில் இன்று நிலை என்ன? குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர் ஊர்தியைக் காவலர் நிறுத்துகின்றனர் என்று கொள்வோம். ஆய்வு செய்வது அவர்தம் கடமை. அதில் யார்க்கும் மறுப்பில்லை. ஆனால் அகவை அறுபதைக் கடந்த முதியவரையும் ‘டேய்’ என்று விளிக்கும் உரிமையைக் காவலர்க்கு எந்தச் சட்டம் தந்தது? ‘ஏன் ஐயா நிறுத்தினீர்கள்?’ என்று அவர் கேட்டால், ‘எதிர்த்தா பேசுகிறாய்?’ என்பதே விடையாகின்றது. அதற்குமேலும் அவர் பேசினால் வழக்கு எழுகின்றது. அவ்வழக்கின் வாசகமோ ஊர்தோறும் ஒன்றே: இழிசொற்களால் திட்டினார், அரசுப் பணி செய்யவிடாது தடுத்தார், கொன்றுவிடுவதாக அச்சுறுத்தினார்! பேசியவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். எழுதுகோல் யார் கையில் இருக்கின்றதோ அவர் சொன்னதே சொல்லாகி விடுகின்றது.

சட்டம் உண்மையில் என்ன சொல்கின்றது? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 353ஆம் பிரிவு, பொது ஊழியரைத் தாக்குவதையும் அவர்மீது வன்முறை செலுத்துவதையுமே குற்றமாக்கிற்று. ஈராண்டுவரை சிறை வகுத்தது. 2024 சூலை 1ஆம் நாள் முதல் அது புதிய சட்டத்தின் 132ஆம் பிரிவாகியுள்ளது. அப்புதிய சட்டத்தின் பெயரே ‘பாரதிய நியாய சன்கிதை’ என்று வடமொழியில் உள்ளது. தன்னைப் பிணிக்கும் சட்டத்தின் பெயரைக்கூடப் பொருளறிந்து சொல்ல இயலாத நிலையில் தமிழன் வைக்கப்பட்டுள்ளான்! பெயர் எதுவாயினும் கருத்து மாறவில்லை. கை ஓங்கினால்தான் அப்பிரிவு. நா அசைந்ததற்கு அப்பிரிவு இல்லை.

இதனை உச்ச அறமன்றமே தெளிவுபடுத்தியுள்ளது. பெங்களூரில் ஒரு சாலை நேர்ச்சியை ஒட்டித் தம்மைக் காவல் ஆய்வாளர் ஒருவர் இழிவாக நடத்தினார் என்று, அந்நகரப் போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்திலேயே ஒரு குடும்பத்தார் எழுதினர். அவர்கள்மீது 353ஆம் பிரிவும் அச்சுறுத்தல் பிரிவும் பாய்ந்தன. 2015 சனவரியில் அவ்வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. தாக்குதலோ வன்முறையோ இல்லாதவிடத்து 353 பொருந்தாது. குறையை வெளியிடுவது அச்சுறுத்தல் ஆகாது என்பதே முடிவு. அத்தீர்ப்பை வரைந்தவர் தமிழகத்து நடுவர் இரா. பானுமதி என்பது தமிழர்க்குப் பெருமை. வெறும் வசைமொழி மட்டுமே இழிசொற் பிரிவில் அடங்கிவிடாது என்று 2022இல் தமிழக வழக்கொன்றிலும் உச்ச அறமன்றம் கூறிற்று. கடல் கடந்த அமெரிக்காவிலும், காவலர் பணியில் குறுக்கிட்டுப் பேசுவதையே குற்றமாக்கிய ஊசுடன் நகரச் சட்டத்தை அந்நாட்டு உச்ச மன்றம் 1987இல் செல்லாதென வீழ்த்திற்று. காவலரைச் சொல்லால் எதிர்க்க இயலும் நாடே உரிமை நாடு. இயலாதது காவலர் நாடு என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

சட்டம் இவ்வாறிருக்க, நடப்பு எவ்வாறிருந்தது என்பதற்குச் சாத்தான்குளம் சான்று. 2020 சூன் 19ஆம் நாள், ஊரடங்கு நேரத்திற்குப் பின்னும் கடை திறந்திருந்தது என்று தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். காவலரைத் திட்டினர், தரையில் உருண்டு தாமே காயப்பட்டனர் என்று அறிக்கை எழுதப்பட்டது. சூன் 22, 23ஆம் நாள்களில் இருவரும் அடுத்தடுத்து மாண்டனர். உசாவச் சென்ற குற்றவியல் நடுவரிடமே காவலர் ஒருவர் இழித்துப் பேசினார் என்று உயர் அறமன்றத்திற்கு அறிக்கை சென்றது. காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்க அம்மன்றம் ஆணையிட நேர்ந்தது. ஒன்பது காவலர்மீது நடுவண் புலனாய்வுத்துறை குற்றம் சாட்டிற்று. நடுவரை எதிர்த்து ஒரு காவலர் பேசலாம். காவலரை எதிர்த்து ஒரு கடைக்காரர் பேசலாகாது! இதுவா முறை? அந்நிலையத்தில் நடந்ததை அஞ்சாது உரைத்தவரும் ஒரு பெண் தலைமைக் காவலரே என்பதை மறத்தலாகாது. காவலர் அனைவரும் கொடியரல்லர். கேட்பாரற்ற ஆளுமைதான் கொடியது.

‘வாய்க்கு வந்தபடி இழித்துப் பேசுவோரையும் விட்டுவிடுவதா?’ என்று சிலர் வினவலாம். இவ்வினா தேனியிலேயே எழுந்தது. 2024 மே 4ஆம் நாள் தேனியில் தங்கியிருந்த சவுக்கு சங்கரைக் கோவைக் காவலர் தளைப்படுத்தினர். பெண் காவலர்களை இழிவுபடுத்தி வலைக்காணொளி ஒன்றில் பேசினார் என்பது வழக்கு. உழைக்கும் பெண்டிரை இழிவுபடுத்தும் பேச்சு எவர் வாயினின்று வரினும் கண்டிக்கத்தக்கதே. தமிழ்ப் பண்புக்கு அது புறம்பானது. அதற்கு வழக்குண்டு, அறமன்றமுண்டு, ஒறுப்புண்டு. ஆயினும் அவ்வளவில் அரசு நின்றதா? தேனிக் காவலர் கஞ்சா வழக்கொன்றும் தொடுத்தனர். சில நாளில் குண்டர் சட்டமும் பாய்ந்தது. 1982ஆம் ஆண்டின் அச்சட்டம், வழக்காய்வே இன்றி ஒருவரை ஓராண்டுவரை அடைத்து வைக்க இடந்தருவது. உயர் அறமன்றம் அவ்வாணையை 2024 ஆகத்து 9ஆம் நாள் நீக்கிற்று. உடனே இரண்டாம் ஆணை பிறந்தது. செப்தம்பரில் உச்ச அறமன்றத்தில் வழக்கு நடக்கையில் அரசே அதனைத் திரும்பப் பெற்றது. பேசியவரை விரும்புவோரும் உளர்; வெறுப்போரும் உளர். ஆனால் விரும்பத்தக்கவர்க்கு மட்டுமே உரியதாயின் அது உரிமையன்று, சலுகை. இன்று வெறுக்கப்படுபவர்மீது பாயும் சட்டம் நாளை ஏலத்தோட்டக் கூலியின்மீதும் பாயும்.

இம்மண்ணுக்கு இது புதிதன்று. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் நிகழ்ந்ததை இப்பள்ளத்தாக்கினர் அறிவர். பிறப்பினாலேயே ஓரினத்தாரைக் குற்றவாளியாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைவரியைப் பதிய வந்த வெள்ளையன் காவற்படையிடம், ‘பதிய மாட்டோம்’ என்றனர் மக்கள். விடையாக வந்தவை குண்டுகள். ஒரு பெண் உட்படப் பதினைவர்க்கு மேற்பட்டோர் மடிந்தனர். அச்சட்டம் 1947இல் இங்கு ஒழிந்தது. மறுத்து நின்றவர் பெயர் நிலைத்தது.

எனவே தமிழர் செய்யத்தக்கது யாது? முதலில், அறிதல் வேண்டும். தளைப்படுத்தும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருத்தல் வேண்டும். தளைக்குறிப்பு எழுதிச் சான்றொப்பம் பெறுதல் வேண்டும். உறவினர்க்கு அறிவித்தல் வேண்டும். இவை 1996இல் உச்ச அறமன்றம் வகுத்த கட்டளைகள். காரணம் அறியவும், வழக்கறிஞரை நாடவும், 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படவும் உரிமை தருவது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. உசாவலின்போது காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டுவதில்லை என்பதும் சட்டமே. அடுத்து, அடங்கிய குரலில், தெளிந்த தமிழில், கையோங்காது, இழிசொல் கலவாது கேட்டல் வேண்டும். இழிசொல் பேசுவோன் காவலர் எழுதும் பொய்க்குத் தானே மை வார்க்கின்றான். ‘நீங்கள்’ என்று சொல்லி, ‘நீங்கள்’ என்றே சொல்லப்பட வேண்டுமெனக் கேட்டல் வேண்டும். பணிவு வேறு, அடிமை வேறு.

அரசு செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அது பாண்டியன் வாயிலோன் செய்ததே: வந்தவர் சினத்தைப் பொறுத்து, அவர் சொல்லைச் சிதையாமல் உள்ளே சேர்ப்பித்தல். அது செய்யப்படும்வரை, சித்திரைதோறும் மலையேறிக் கண்ணகிக்குப் பூச்சொரிவோர் ஒன்றை நினைக்கக் கடவர். அவள் கையில் இருந்தது சிலம்பு. ஆனால் அரசை அசைத்தது அவள் கேள்வி. சிலம்பை வணங்கிக் கேள்வியைக் கைவிடுவோர் அவளை வணங்கியவராகார்.