லாரி டிரைவருக்கு மிஞ்சுவது என்ன?

திருவனந்தபுரம்: திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவுக்கு இன்றும் காய்கறி பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வருகிறது. நாகர்கோவில் வடசேரி, திருநெல்வேலி, ஒட்டன்சத்திரம் சந்தைகளில் மாலையில் ஏற்றும் லோடு விடியுமுன் இங்கு இறங்கியாக வேண்டும். தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் பத்திரிகையில் வருகிறது. அதை ராத்திரி முழுவதும் ஓட்டிக் கொண்டு வருகிறவரின் கூலி எவ்வளவு என்பது எங்கும் வருவதில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. லாரி டிரைவரின் வருமானம் ஒரே கணக்கில் அடங்குவதல்ல. மாதச் சம்பளம் வாங்குவோர் சிலர். சம்பளம் குறைவு, அதற்கு மேல் நாள் படி. நடைக்கு இவ்வளவு என்று வாங்குவோர் பலர். வாடகையில் டீசல், சுங்கம் கழித்து மீதியில் பங்கு பெறுவோரும் உண்டு. மூன்றாவது வகையில் டிரைவர் பெயருக்குத்தான் பங்காளி. லாபத்தில் கிடைப்பது சிறு துண்டு. டீசல் விலை ஏறினால் அந்தத் துண்டுதான் முதலில் தேயும். 2023 ஏப்ரலில் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி விதித்தது முதல், குமரி மாவட்டத்திலேயே டாங்கியை நிரப்பிக் கொண்டு எல்லை தாண்டுவது வழக்கமாகி விட்டது. முன்பு கூடவே வந்த கிளீனரும் இப்போது பல வண்டிகளில் இல்லை. தார்ப்பாய் கட்டுவது முதல் டயர் பார்ப்பது வரை ஒருவரே செய்கிறார். கிளீனருக்குப் போன காசு டிரைவர் கைக்கு வந்ததா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. ஒரே நடையில் கூடுதல் டன் போகலாம். நடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு டன் கூடியதால் ஒரு பைசா கூடாது. மாறாக, நடைகளின் எண்ணிக்கை குறையவும் கூடும்.

காத்திருப்புக்குக் கூலி இல்லை

இத் தொழிலில் ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மனிதனை அரிக்கிறது. பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. சரக்கு இறக்கும் வேலை சுமைத் தொழிலாளர்களுடையது. கேரளத்தில் அவர்களுக்கென 1978-லேயே தனிச் சட்டம் வந்தது. இறக்குகூலி பேசி முடிவு செய்யப்பட்ட ஒன்று. வேலை செய்யாமலே வாங்கப்பட்ட 'நோக்குகூலி'யை 2018 மே 1 முதல் மாநில அரசு தடை செய்தது. ஆனால் தமிழக டிரைவர்களில் பலர் இறக்குகூலியைப் பற்றிப் பொறாமைப்படுவதில்லை; சங்கம் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதையே உதாரணம் காட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 விவரப்படி கேரளக் கிராமப்புறத்தில் கட்டட வேலைக்கு நாள் கூலி சராசரி 852 ரூபாய். அகில இந்திய சராசரி 393. அந்தக் கொத்தனார் எட்டு மணி நேரம் பார்த்து வீட்டுக்குப் போகிறார். டிரைவரின் படியை அவர் வீட்டை விட்டு வெளியே இருக்கும் மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது. நம் நாட்டில் லாரி முதலாளிகளில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்போர். ஆகவே சட்டம் ஏட்டிலேயே நின்றது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அதுவும் கரைந்து விட்டது.

திரும்பும் வண்டி

இன்னொரு சங்கடம் திரும்பும் லோடு. கேரளம் வாங்கும் மாநிலம். வந்த வண்டிக்குத் திரும்பிப் போகச் சரக்குக் கிடைப்பது அரிது. காலிக் கூடைகளோடு திரும்பினால் அந்த நடையில் மிச்சம் எதுவுமில்லை. இந்த இடத்தில்தான் தகாத லோடு தலை காட்டுகிறது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டதும் கேரள அதிகாரிகளே லாரிகளில் அள்ளிச் சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலி வண்டிக்கு வாடகை தருகிறேன் என்று வருகிறவர் சரக்கு என்னவென்று சொல்வதில்லை. எல்லைச் சாவடியில் பிடிபடும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் டிரைவர்தான்.

கல்லும் எம்-சாண்டும் ஏற்றும் டிப்பர்களின் கதை வேறு. அங்கே நடை கூடினால்தான் காசு. வேகம் கூடினால்தான் நடை. 2024 மார்ச்சில் விழிஞ்ஞத்தில் டிப்பரிலிருந்து விழுந்த கல் ஒரு மாணவரின் உயிரைக் குடித்தது. ஊரே கொதித்தது, அந்தக் கொதிப்பு நியாயமானது. பள்ளி நேரங்களில் டிப்பர் ஓடக் கூடாது என்ற கட்டுப்பாடும் தேவையானதே. ஆயினும் நடைக் கூலி முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அப்போதும் எழவில்லை. தடை நேரத்தில் இழந்த நடையை மீதி நேரத்தில் பிடிக்க முயல்வார் என்பது யாருக்கும் தெரிந்ததே.

விபத்து நேர்ந்து நிற்காமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினர். 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சம்ஹிதா அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் ஒத்தி வைக்கப்பட்டது. டிரைவர்கள் சேர்ந்து நின்று கண்ட பலன் அது. கூலிக்காக அப்படி ஒரு நிறுத்தம் நடந்ததில்லை. லாரி ஸ்டிரைக் என்றாலே முதலாளிகளின் டீசல், சுங்கக் கோரிக்கைகளாகவே இருக்கிறது.

கேரளத்தில் மோட்டார் தொழிலாளர் நலநிதி 1985-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. வண்டி வரி கட்டும்போதே அந்தப் பங்கையும் கட்டியாக வேண்டும். தமிழகத்தில் டிரைவர்களுக்கு அமைப்புசாரா நல வாரியம் உண்டு. அங்கே பெயரைப் பதிந்து புதுப்பிக்க வேண்டியது தொழிலாளியே. மார்த்தாண்டத்துக்காரர் தமிழகப் பதிவு வண்டியில் தினமும் இந்த நகருக்கு வந்தாலும் கேரள நிதி அவரைச் சேராது. களியக்காவிளைக்கு அப்பால் உள்ள வாரியத்தில் பதிவைப் புதுப்பிக்க ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலில்தான் அவர் தூங்குகிறார்.