மெய்நிகர்க் களப்பார்வை

கட்டுமானப் பொறியியல் பயிலும் மாணாக்கரை வேலைத்தலத்துக்கு அழைத்துச் செல்லாமல், வேலைத்தலத்தையே வகுப்பறைக்கு வருவித்துக் காட்டும் முறை இந்நாளில் பரவி வருகின்றது. நாற்புறமும் ஒருங்கே படம்பிடிக்கும் காமிராவால் எடுத்த காட்சியைக் கணினித் திரையிலேனும், தலையிற் பூணும் கண்ணாடிக் கருவியிலேனும் கண்டு, மாணாக்கன் தான் திரும்பிய திசையெல்லாம் அத்தலத்தைப் பார்க்கிறான். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோயினால் கல்லூரிகள் மூடுண்டபோது இதற்கு மதிப்பு ஏறிற்று. இதனை வெறும் விளையாட்டென்று இகழ்வார் சிலர். இனிப் பேருந்தும் கட்டுச்சோறும் வேண்டா என்று மகிழ்வார் சிலர். இவ்விரு திறத்தாரோடும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனைமலையையே எடுத்துக்கொள்வோம். கட்டுமானம் கற்பார்க்கு இதனினும் சிறந்த பாடசாலை கொங்கு நாட்டில் இல்லையென்பது என் துணிபு. மேற்கு நோக்கி ஓடிய ஆறுகளைக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தின் அணைகள், மலையைக் குடைந்த சுரங்கவழிகள், சர்க்கார்பதி மின்நிலையத்தினின்று திருமூர்த்தி அணை வரை மலைச்சரிவைத் தழுவிக்கொண்டு 49 கிலோமீட்டர் செல்லும் காண்டூர் கால்வாய் ஆகிய யாவும் நம் அண்டையிலேயே உள்ளன. ஆயினும், அண்டையில் இருப்பதனால் மட்டும் அவை கண்ணுக்கு எட்டிவிடுமோ? சுரங்கவழியில் நீர் ஓடுகின்றது. 400 மெகாவாட் ஆற்றலுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் நிலத்தடியில் அமைந்தது; அங்கே வேண்டியவரெல்லாம் நுழைதல் இயலாது. ஆனைமலைக் காடோ 2007 முதல் புலிகள் காப்பகம். அனுமதி கிடைத்தாலும், அறுபது பேர் ஒரு மதகறைக்குள் நிற்க இடமேது? பின்வரிசையில் நிற்பவன் காண்பது முன்நிற்பவன் தலையைத்தான். ஏணியேற இயலாத மாணாக்கனோ பேருந்திலேயே இருந்துவிடுகிறான். இத்தகையோர்க்கெல்லாம் மெய்நிகர்க் காட்சி ஒரு பேருதவி என்பதில் ஐயமில்லை.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. களப்பயணம் செல்வோர் ஒரு கட்டடத்தின் ஒரு நாளை மட்டுமே காண்கின்றனர். அத்திவாரக் குழியைக் கண்டவன் கம்பி கட்டுவதைக் காண்பதில்லை. கம்பியைக் கண்டவன் கான்கிரீட் வார்ப்பதைக் காண்பதில்லை. வார்த்தபின்போ, கம்பிக்கும் பலகைக்கும் இடையே போதிய இடைவெளி விடப்பட்டதா என்பதை எவரும் கண்ணாற் காண முடியாது. ஒரே தூணை நாள்தோறும் ஒரே இடத்தினின்று படம்பிடித்து வைத்தால், குழி முதல் 28-ஆம் நாள் கனசதுரச் சோதனை வரை அனைத்தையும் ஒரு மணி நேரத்தில் வரிசையாய்க் காட்டலாம். பாறைமேல் வீடு கட்டினவனையும் மணல்மேல் கட்டினவனையும் பற்றிய திருமறை உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். ஆனால் வீடு எழும்பிய பின் அவ்விரு அத்திவாரங்களையும் கண்டார் யார்?

இனி இதன் குறையைக் கூறுவேன். 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் ஒன்று, எதிரெடை அமைப்புப் பழுதுற்றமையால் பெயர்ந்துபோயிற்று. விநாடிக்கு ஏறக்குறைய 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. அதற்கு முந்திய மாதம் அம்மதகைப் படம்பிடித்துக் காட்டியிருந்தால் மாணாக்கர் என்ன கண்டிருப்பர்? நன்றாய் நிற்கும் ஒரு மதகைக் கண்டிருப்பர். காமிரா எங்கே கொண்டுபோகப்பட்டதோ அங்கேதான் அதற்குக் கண். துருவை நகத்தாற் சுரண்டிப் பார்க்க அதற்குக் கையில்லை. இச்சங்கிலிக்கு மசகு இட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று மதகுக் காவலரைக் கேட்க வாயுமில்லை. கலவையில் நீர் மிகுந்ததைக் கரண்டி இழுக்கும் ஓசையிலேயே கொத்தனார் கண்டுகொள்வார். அவர் அருகில் அரை நாள் நின்றவனுக்கன்றி அந்த அறிவு பிறர்க்கு வாராது. சாரத்தின்மேல் முதன்முறை ஏறும்போது முழங்காலில் உண்டாகும் நடுக்கமும் ஒரு பாடமே. பிற்காலத்தில் சாரத்துக்குக் கைப்பிடி போடச் செலவு மிகும் என்று சொல்லும் காண்டிராக்டரிடம் அந்நடுக்கத்தை நினைந்தவனே விட்டுக்கொடாமல் நிற்பான்.

என் அச்சமெல்லாம் கருவியைப் பற்றியதன்று, கணக்கரைப் பற்றியது. படம் ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு ஓடும். பேருந்துக்கோ ஆண்டுதோறும் பணம் வேண்டும். நிதி சுருங்கும் ஆண்டில் முதலில் வெட்டுண்பது எதுவென்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பட்டம் பெற்று வரும் இளைஞன் சித்தாளுக்கு வேலை சொல்ல நாணி ஒதுங்கி நிற்பதை வேலைத்தலங்களில் இன்றே காண்கிறோம். நாளை அவன் சித்தாளையே திரையில்தான் கண்டிருப்பான்.

ஆதலின் பொறியியற் கல்லூரிகள் செய்யத்தக்கது இது: அயல்நாட்டார் விற்கும் படங்களை வாங்குவதை விடுத்து, மாணாக்கரே ஆழியாறு, காண்டூர் கால்வாய் முதலிய இடங்களுக்கு அனுமதியோடு சென்று படம்பிடிக்கட்டும், அங்குள்ள மேஸ்திரியும் மதகுக் காவலரும் தம் வாயாலேயே தமிழில் விளக்கம் சொல்லட்டும். அப்படத்தை முதற்பருவத்தில் காட்டி, ஒவ்வொருவரும் பத்துக் கேள்விகள் எழுதிக்கொண்டு, அடுத்த பருவத்தில் அதே இடத்துக்கு நேரிற் செல்லட்டும். அப்பயணத்துக்குரிய பேருந்துச் செலவைக் கல்லூரி தன் வரவுசெலவுத் திட்டத்தில் தனித்தலைப்பாகவே எழுதி வைத்தல் வேண்டும்.