மந்திரத்துக்கும் இலக்கணம் உண்டு

கணினி விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே இலக்கிய நண்பர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகளின் பொழுதைத் தின்னும் பண்டம் என்பதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது என்கிறார்கள். நாமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை அசைத்தது மணலி புதுநகரில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் கழிந்த ஒரு மாலைப்பொழுது. தொலைவில் சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு எரிந்துகொண்டிருந்தது. நண்பரின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், குறள் ஒன்றை அலகிட்டு வாய்பாடு எழுதும் வீட்டுப்பாடத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தான். நேர் எது, நிரை எது என்பது அவனுக்குப் பிடிபடவேயில்லை. அதே பையன், தான் ஆடும் விளையாட்டில் நெருப்பையும் நீரையும் மின்னலையும் எந்த வரிசையில் சேர்த்தால் என்ன மந்திரம் பிறக்கும் என்பதை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அவனுக்கு நினைவாற்றல் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. இலக்கணம் ஏறாது என்றும் சொல்ல முடியாது. அவன் ஒப்பித்ததும் ஓர் இலக்கணமே.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் மந்திரம் என்பது பெரும்பாலும் வேறு பெயர் சூட்டப்பட்ட துப்பாக்கிதான். விசையை அழுத்தினால் தீயுருண்டை பாயும், ஆற்றல் இருப்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஆயினும் இத்துறையின் வரலாற்றில் மந்திரத்தை மந்திரமாகவே எண்ணிப் பார்த்த சிலர் இருந்திருக்கிறார்கள். 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில், மந்திரவாதி தன் மந்திரத்தை முன்கூட்டியே மனனம் செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை உச்சரித்ததும் அது மனத்திலிருந்து அழிந்துபோகும். இந்தக் கருத்து ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளிலிருந்து வந்தது. ஓர் எழுத்தாளனின் கற்பனை, கோடிக்கணக்கானோர் ஆடும் விளையாட்டுகளின் விதியாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1985இல் வெளியான நான்காம் ‘அல்டிமா’ வேறொரு வழியில் போயிற்று. அங்கே பூண்டு, ஜின்செங் வேர், சிலந்திப் பட்டு, கந்தகச் சாம்பல் முதலியவற்றைச் சரியான கலவையில் சேர்த்தால்தான் மந்திரம் பலிக்கும். மூலிகை அரைக்கும் நாட்டு வைத்தியரின் கைப்பக்குவம் அது. 1987இல் வந்த ‘டஞ்சன் மாஸ்டர்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் மந்திரங்களின் பட்டியல் கையில் தரப்படுவதில்லை. குறியெழுத்துகள் மட்டுமே தரப்படுகின்றன. முதல் எழுத்து வலிமையைக் குறிக்கும், இரண்டாவது பூதத்தை, மூன்றாவது வடிவத்தை, நான்காவது தன்மையை. எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது ஆடுபவரின் பொறுப்பு. தவறாகச் சேர்த்தால் ஒன்றும் நிகழாது. 2002இல் பிரான்சிலிருந்து வந்த ‘ஆர்க்ஸ் ஃபடாலிஸ்’ விளையாட்டிலோ எழுத்தைக் காற்றில் வரைந்தே காட்ட வேண்டும். கை நடுங்கினால் மந்திரம் கெட்டது.

இவற்றில் ஆடுபவர் மந்திரத்தை விலைக்கு வாங்குவதில்லை, ஒரு மொழியைப் போலக் கற்றுக்கொள்கிறார். சிறந்த மந்திர அமைப்புக்கு இதுவே முதல் தகுதி என்று கருதுகிறோம். இந்த இடத்தில்தான் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். எழுத்துக்கும் அசைக்கும் ஆக்கவும் அழிக்கவும் ஆற்றல் உண்டு என்று நம்பி, அதற்கு நுணுக்கமான விதிகளையும் வகுத்துவைத்த மரபு நம்முடையது.

பாட்டியல் நூல்களைச் சொல்கிறோம். பன்னிரு பாட்டியல், குணவீர பண்டிதரின் வெண்பாப் பாட்டியல், நவநீதப் பாட்டியல் என்று நீளும் இவ்வரிசையை இன்று தமிழ் பயில்வோர்கூடத் தேர்வுக்கு முந்தைய இரவில்தான் புரட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனைப் பாடும் நூலின் முதற்சீர் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இவை பத்துப் பொருத்தங்களைக் கூறுகின்றன. எழுத்துகளில் அமுத எழுத்து உண்டு, நஞ்செழுத்து உண்டு. தானப் பொருத்தம் என்ற ஒன்றைப் பாருங்கள். தலைவன் பெயரின் முதலெழுத்தில் தொடங்கி உயிரின் வரிசையைப் பாலன், குமரன், இராசன், மூப்பு, மரணம் என்று ஐந்தாக எண்ண வேண்டும். தலைவன் பெயர் ‘மு’ என்று தொடங்கினால் உகரம் பாலன், எகரம் குமரன், ஒகரம் இராசன், அகரம் மூப்பு, இகரம் மரணம். முதல் மூன்றில் பாட்டைத் தொடங்கலாம், பின்னிரண்டில் தொடங்கலாகாது. ஒருவனுக்கு அமுதமாகும் ஒலி மற்றொருவனுக்குச் சாவாகிறது. எதிரியின் பெயரை அறிந்தால்தான் மந்திரத்தையே அமைக்க முடியும் என்ற விதியை எந்த விளையாட்டு வடிவமைப்பாளரிடம் சொன்னாலும் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார்.

கணப் பொருத்தம் இதனினும் வியப்பானது. மூவசைச் சீர்கள் எட்டு. தேமாங்காய் முதல் கூவிளங்கனி வரை நேரும் நிரையும் மாறிமாறி அமையும் அந்த எட்டுக்கும் எட்டுக் கணங்கள். நிலம், நீர், மதி, இயமானன் ஆகியவை நன்மை தருவன. சூரியன், தீ, காற்று, வான் ஆகியவை தீமை பயப்பன. பூதங்களை அசைகளுக்குள் பொதிந்துவைத்த இந்த அட்டவணைக்கும் ‘டஞ்சன் மாஸ்டர்’ குறியெழுத்துகளுக்கும் என்ன பெரிய வேறுபாடு? மாடியில் அமர்ந்திருந்த அந்தப் பையன் திணறிய பாடமும் அவன் ஒப்பித்த விளையாட்டும் அருகருகே நிற்கின்றன. இடையிலுள்ள கதவைத் திறந்துவிட ஆளில்லை.

இலக்கணம் மட்டும் போதாது, விளைவும் வேண்டும் என்பது நம் இரண்டாவது எண்ணம். அதற்கும் வெளியே தேட வேண்டியதில்லை. மணிபல்லவத்தில் மணிமேகலைக்குத் தெய்வம் மூன்றே மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசி தாங்கவும். நூறு மந்திரங்களைக் குவித்துக்கொடுக்கும் இன்றைய விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது வறுமை போலத் தோன்றும். ஆனால் சாத்தனார் ஒன்றையும் வீணாக்கவில்லை. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் அதை உண்மையென நம்பி உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். எவரையும் துன்புறுத்தாத மந்திரம் ஓர் உயிரைக் குடித்துவிடுகிறது. அதன் பயனாய்ச் சிறைப்பட்டு உணவின்றி அடைக்கப்பட்டவளைக் காப்பது மூன்றாவது மந்திரம். மந்திரம் பலித்த பிறகே சிக்கல் தொடங்குகிறது என்ற இந்தப் பேரறிவை, தீயுருண்டைகளை மட்டும் எறிந்து பழகிய விளையாட்டுலகம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

மூன்றாம் நந்திவர்மன் பந்தல்களில் அமர்ந்து கலம்பகம் கேட்டு, இறுதியில் சிதைமேல் அமர்ந்து உயிர்விட்டான் என்ற கதையையும் இங்கே நினைக்கலாம். வரலாறாக அதை ஏற்கத் தேவையில்லை. கொல்லும் என்று தெரிந்தும் பாட்டைக் கேட்க விரும்பினான் ஒருவன் என்ற கற்பனையே போதும். எதிராளி தானே விரும்பி ஏற்றாலொழிய பலிக்காத மந்திரம் எத்தனை விளையாட்டுகளில் இருக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்துப் பொருத்தங்களில் வருணப் பொருத்தம் என்பதும் ஒன்று. எழுத்துகளையும் நான்கு வருணங்களாகப் பிரித்து, யாரைப் பாட எந்த எழுத்து என்று அது விதிக்கிறது. மரபு என்று முழங்கி இதையும் அள்ளிக்கொண்டு வருவோமானால், பழைய ஏணிப்படிகளைப் புதிய திரையில் கட்டித் தந்தவர்கள் ஆவோம். மந்திரம் யார் வாயில் இருக்கலாம் என்ற கேள்வி நம் ஊரில் ஒருநாளும் வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. மணலி புதுநகரிலேயே அய்யா வைகுண்டரின் தருமபதி இருக்கிறது. பேய்களை எரித்து, மலைவாழ் காணிக்காரரின் மந்திர வித்தையையும் வைகுண்டர் அடக்கினார் என்று அகிலத்திரட்டு அம்மானை கூறுகிறது. அச்சத்தால் ஆளும் மந்திரத்தைப் பறித்துவிட்டு, வணங்குபவர் தம்மையே காணும் கண்ணாடியைப் பதியில் வைத்த மரபு அது. பாட்டியலை எடுத்து ஆள நினைப்பவர்கள் இந்த மரபையும் உடன் வைத்து எண்ண வேண்டும். விதியைக் கற்பிக்கும் விளையாட்டு, எந்த விதியை உடைக்க வேண்டும் என்பதையும் கற்பிக்கலாமே.

தமிழ் வாழ்வின் நுட்பம் விளையாட்டாகுமா என்ற ஐயம் இனி வேண்டாம். டொராண்டோவிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தாய் ஒருத்தியின் சிதைந்த சமையற்குறிப்பேட்டை முன்வைத்து, மங்கிப்போன செய்முறையை ஆடுபவரே ஊகித்து நிரப்பும்படி செய்தது. 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது. இட்லிப் பானைக்கு அங்கே கிடைத்த மதிப்பு அசைக்கும் சீருக்கும் கிடைக்காது என்று சொல்ல ஏதுமில்லை. கிரீடத்தையும் திரிசூலத்தையும் ஒட்டிவிட்டு இந்திய விளையாட்டு என்று பெயரிடுவதைவிட இது கடினமான பாதைதான். யாப்பறிந்தவரும் நிரலெழுத அறிந்தவரும் ஒரே திண்ணையில் அமர வேண்டும். முதல்வகையினர் தம் முகச்சுளிப்பையும் இரண்டாம் வகையினர் தம் அவசரத்தையும் சற்று விட வேண்டும்.

அன்று மாலை தானப் பொருத்தத்தை அந்தப் பையனுக்குச் சொன்னோம். தன் பெயருக்கு மரண எழுத்து எது என்று உடனே விரல்விட்டு எண்ணினான். பிறகு தமிழாசிரியர் பெயருக்கும் எண்ணினான். “அந்த எழுத்துல பாட்டு ஆரம்பிச்சா நெசமாவே ஏதாவது ஆயிடுமா, மாமா?” என்று கேட்டான். ஆகாது என்று உறுதியாகச் சொன்னோம். அவன் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூவசைச் சீர் எட்டையும் இன்னொருமுறை சொல்லச் சொன்னான்.