பித்தளையின் பெருமுழக்கம்

மேல்நாட்டு சிம்பொனிக் குழுக்களில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் இன்று எழுப்புகின்ற பெருமுழக்கத்தைக் கம்பீரம் என்று ரசிகர்கள் கொண்டாடுவதும், கச்சேரி முடிவில் நடத்துநர் அவ்வித்வான்களைத் தனியே எழுந்து நிற்கச் செய்ய, அரங்கமே கரகோஷம் செய்வதும் வழக்கமாகிவிட்டன. ஆயினும், முன்னே ஐம்பது அறுபது பேர் வில்லிழுத்தும் அவர்களுடைய ஸ்வரமொன்றும் காதில் விழாதபடி செய்வது கம்பீரமாகாது என்பது என் அபிப்பிராயம்.

குற்றம் ஊதுகிறவர்களுடையது மட்டுமன்று; வாத்தியமும் மாறிவிட்டது. 1808-இல் அரங்கேறிய ஐந்தாவது சிம்பொனியில் பீத்தோவன் ட்ராம்போன்களை முதல் மூன்று பகுதிகளிலும் மௌனமாக உட்காரவைத்து, இறுதிப் பகுதியில்தான் ஊதவிட்டார். அன்றைய குழாய் குறுகலானது. குறுகலான குழாயில் மிதமான மூச்சுக்கே நாதத்தில் அந்த உலோகப் பளபளப்பு ஏறிவிடும். பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அத்தகைய ட்ராம்போன்களே புழங்கின. இன்றைய அகன்ற குழாயிலோ அதே பளபளப்பை வரவழைக்க இன்னும் பலமாக ஊதியாக வேண்டும். அதற்குள் வயலின்கள் மூழ்கிவிடுகின்றன. எல்லா வாத்தியங்களுக்கும் ஒன்றுபோல் பழைய ஸ்வரத்தாளில் இட்ட 'மிக உரக்க' என்ற குறி, இப்படிப் பித்தளைக்கு மட்டும் இரட்டிப்பாகிப் போகிறது.

விளைவு ரசனையோடு நிற்கவில்லை. 2012-இல் லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸில் வாக்னரின் 'டி வால்க்யூர' ஒத்திகையின்போது, ட்ரம்பெட்டின் வாய் தம் வலது செவிக்குப் பின்னால் இருக்க அமர்ந்திருந்த வியோலாக் கலைஞர் ஒருவர், செவி பழுதுபட்டுத் தொழிலையே துறக்க நேர்ந்தது. 2018-இல் உயர் நீதிமன்றமும் மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. அந்த வாக்னரோ, 1876-இல் திறந்த தமது பைராய்ட் அரங்கில், வாத்தியக் குழுவை மேடைக்கடியில் இறங்கும் படிகளில் அமர்த்தி, பித்தளையை அடிப்படியில் வைத்து, மேலே மூடியும் கவித்தவர்.

பெரிய மண்டபங்களுக்குப் பெரிய ஒலி வேண்டாமா என்பார்கள். மண்டபம் எல்லா வாத்தியங்களுக்கும் ஒன்றுதான். துணை வேண்டியிராதது பித்தளை மட்டுமே. பித்தளைக்கென்று தாராளமாக எழுதிய ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸே, பித்தளை ஊதுகிறவர்களை ஊக்குவிப்பதுபோல் பார்த்துவிடாதே என்று இளம் நடத்துநர்களுக்குப் பாதி வேடிக்கையாக அறிவுரை கூறினார். நடத்துநர்கள் ஒத்திகையில் ஒருமுறையேனும் கோலை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். ரசிகர்களும் முழக்கத்துக்கு முந்திக்கொண்டு கைதட்டுவதைச் சற்றே நிறுத்திவைக்கட்டும்.